மயில்நடைப் பாதை

"நல்லா கை தட்டிக்கினு வாங்க! பாம்பு இருக்குற எடம்!"

பின்னாலிருந்து பாண்டுரங்கன் குரல் கொடுத்ததும், மார்கழிப் பனியில் பன்னிரண்டு பேரும் படபடவென்று தட்டினார்கள். முன்னால் போன நெடுஞ்செழியன் விசிலை அடிவயிற்றிலிருந்து ஊதினார்.

நெடுஞ்செழியன் திண்டிவனத்தில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மறு மாதமே 'பசுமைப் பாதை நடையர் பேரவை' தொடங்கி நிறுவனர், தலைவர், பாதை வல்லுநர் என்று மூன்று பதவிகளையும் தானே ஏற்றுக்கொண்டார். போட்டியின்றித்தான். அவருக்கு இரண்டு கையிலும் ஊன்றுகோல், தலையில் வேட்டைக்காரத் தொப்பி. உறுப்பினர்களுக்குக் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு சட்டை.

இத்தனை ஆயுதமும் எதற்கென்றால், நடக்கப் பழகாத குழந்தையைக்கூட இறக்கிவிடலாம் போன்ற ஒரு பாதைக்கு. அனந்தபுரம் தாண்டி, பாண்டுரங்கனின் உழுத செம்மண் கொல்லையோரம் தொடங்கும். மூச்சு வாங்காத இரண்டு மேடு, வேம்பும் உசிலையும் நிழல் விரித்த ஒரு தோப்பு, திரும்பவும் அதே கொல்லையைச் சுற்றிக்கொண்டு வந்தால் முடிந்தது. தினமும் மூன்று சுற்று.

இதற்கு 'மயில்நடைப் பாதை' என்று பெயர் வைத்து, தோகை விரித்த படத்தோடு பேனரும் அடித்திருந்தார் நெடுஞ்செழியன். பத்து நாள் முகாமில் இன்று பத்தாம் நாள். பேனரில் இருந்ததைத் தவிர வேறு மயிலை யாரும் பார்க்கவில்லை.

இடத்துக்கு வாடகை கொடுக்கப் போனபோது பாண்டுரங்கன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "காசெல்லாம் வேணாங்க சார். காலையில ஆறு மணிக்கு டாண்ணு வந்துருங்க. பத்து நாளு நடங்க, போதும். கொல்லைக்குள்ள மட்டும் கால வெக்காதீங்க. மண்ணும் கொஞ்சம் ரெஸ்ட்டு எடுக்கணும்ல?"

நெடுஞ்செழியன் நெகிழ்ந்துபோனார். அந்தக் கடைசி வாக்கியத்தை முகாமின் தொடக்க உரையில் தன்னுடையதாகவே சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்.

இரண்டாவது மேட்டில் ஆர்த்தி நின்றுவிட்டாள். வங்கியில் வேலை பார்ப்பவள். கணக்கில் இல்லாததை இருப்பதாகச் சொன்னால் விடமாட்டாள்.

"சார், இன்னிக்குக் கடைசி நாளு. மயிலு எங்க?"

"மயில் என்னம்மா, ரேஷன் கடையில க்யூ கட்டியா நிக்கும்? பொறுமை வேணும்."

"அதெல்லாம் பாத்தாச்சு சார். இன்னிக்கும் வரலன்னா நாளைலேருந்து நாங்க முத்துசாமி சாரோட சிரிப்பு யோகாவுக்குப் போறோம். எல்லாரும் பேசிட்டோம். அங்க சிரிப்புக்காவது கியாரண்டி."

பன்னிரண்டு ஆரஞ்சு சட்டைகளும் தலையாட்டின. நெடுஞ்செழியன் ஊன்றுகோலை ஓங்கித் தரையில் குத்தினார். முத்துசாமி அவருக்குக் கீழே முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவனிடமா இவர்கள் போய்ச் சிரிப்பது?

"என்ன பாண்டுரங்கன், இங்க மயிலு இருக்குன்னு சொன்னீங்களே?"

"போன வருசம் இதே மாசம் பூரா இங்கதான் சார் கெடந்துதுங்க."

"ஒருவேளை இந்தக் கைதட்டலை நிறுத்தினா..."

"ஐயையோ! கண்ணாடி விரியன் சார்! மிதிச்சா அவ்ளோதான்!"

நிறுத்தச் சொல்ல வந்த கைகள் முன்னைவிட வேகமாகத் தட்டின. பாண்டுரங்கன் திருப்தியோடு, வெறுங்காலால் முழங்கால் உயரப் புல்லுக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தார்.

மூன்றாவது சுற்றும் முடிந்தது. பத்து நாளைக்கு முன்பு வெறும் மண்ணாகக் கிடந்த கொல்லையில் வரிசை வரிசையாகப் பச்சை தலை நீட்டியிருந்தது. பாண்டுரங்கன் குனிந்து தடவிப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். நெடுஞ்செழியன் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. பேரவை கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து பாண்டுரங்கனின் தம்பி மகன் செல்வகுமார் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பெரியப்பா! இங்க முடிஞ்சிதுன்னா சாருங்கள எங்க கொல்லப் பக்கம் அனுப்பேன்! இருவது மயிலு எறங்கிக் கெடக்குது!"

ஆர்த்தி துள்ளிக் குதித்தாள். "இருவதா!"

நெடுஞ்செழியனின் நெஞ்சு நிமிர்ந்தது. பேரவையின் புகழ் பக்கத்துக் கொல்லைவரை பரவி, ஆள்விட்டு அழைக்கிறார்கள் என்றால் சும்மாவா? முத்துசாமி தனியாகச் சிரித்துக்கொண்டு கிடக்கட்டும்.

"எல்லாரும் கவனிங்க," என்றார் தாழ்ந்த குரலில், தலைவருக்குரிய கம்பீரத்தோடு. "இனிமே கைதட்டு கெடையாது. பேச்சு கெடையாது. சட்டை தெரியாம துண்டைப் போர்த்திக்குங்க."

"சார், பாம்பு?"

"நான் முன்னாடி போறேன்மா. எது வந்தாலும் முதல்ல என்னைத்தான் கடிக்கணும்."

விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். ஊன்றுகோல் சத்தம் கேட்காமல் இருக்க இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூனைபோல் முதல் அடியை எடுத்து வைத்தார்.

பாண்டுரங்கன் பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா சார் நீங்க, அவன் நேத்துதான் மல்லாட்ட வெதச்சிருக்கான், வெதக் கடலைய பூரா கொத்தித் தின்னுருமே... கம்முனு போனா மயிலு எப்பிடி ஓடும்?"