வரைந்த ஜன்னல்

மனைவி எல்விரா இறந்த அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார் பர்த்தலோமியோ. இத்தாலிய மலையடிவாரத்தில் அவளுக்காகவே ஆசையாகக் கட்டிய மாளிகை அது. வெள்ளைத் தூண்களுக்கு இருபுறமும் ஒரே அளவாக ஜன்னல்கள்.

“ஒண்ணை அடைச்சா முகப்பே கோணிப்போயிடுமே,” என்றார் கட்டடக் கலைஞர்.

“அப்போ அந்த இடத்துல ஒரு ஜன்னலை வரைஞ்சுடுங்க.”

ஓவியர் பாதி திறந்த ஜன்னலை அச்சு அசலாக வரைந்து கொடுத்தார்.

ஒரு மாலை பர்த்தலோமியோ தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பதறி எழுந்தார். “அக்னேசே, ஓடு! அம்மா அறை ஜன்னலைச் சாத்து!”

வேலைக்காரி மாடிக்கு ஓடினாள். செங்கல் சுவர் முன்னால் சற்று நின்றுவிட்டு இறங்கி வந்தாள்.

“சாத்திட்டேங்க ஐயா.”

அவர் நனைந்தபடியே அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் பாதி திறந்தேதான் இருந்தது.

“நல்லது,” என்றார். “அவளுக்குச் சாரல் ஆகாது.”