எந்தப் பால்?

“அந்த டின்னுக்கு விலை ஒரு மூட்டை அரிசி. மூட்டையைக் கொண்டா, பாலைக் கொண்டு போ.”

கெடா மாநிலத்தில் திகாம் பத்து என்ற ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த நடராஜா, எதிரே நின்ற பழனியாண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

சப்பான்காரன் வந்த பிறகு ஊரில் அரிசி மூட்டையைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. டின் விற்பனைக்கு இல்லை என்பதை வியாபாரி வாயால் அப்படித்தான் சொல்ல வேண்டும். கெடா முழுக்க அலைந்தாலும் கிடைக்காத கெட்டிப் பால் அது. கடையில் கடைசி டின். பிள்ளைக்கு, நோயாளிக்கு என்று கேட்டு வந்த எல்லாரும் இதே விலையைக் கேட்டுவிட்டு, மரவள்ளி மாவை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்கள்.

“நான் டின்னுன்னு சொல்லவே இல்லையே, மொதலாளி. பாலுன்னுதானே கேட்டேன்?” என்றான் பழனியாண்டி. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டுகிறவன்.

நடராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பால்னா எந்தப் பால்டா? உங்க தோட்டத்துல மரத்தைக் கீறினா வடியுறதும் பால். தேங்காயைத் துருவிப் பிழிஞ்சா அதுவும் பால். தைப்பூசத்துக்குக் குடம் குடமாத் தலையில தூக்கிட்டு ஓடுறீங்களே, அதுவும் பால். வகையைச் சொல்லு, வழியைச் சொல்றேன்.”

“ஊத்துற பால், மொதலாளி.”

தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“யாருக்குடா?”

“அண்ணனுக்கு. ராத்திரி முழுக்க வாந்திபேதி. விடியுறதுக்குள்ள போயிட்டாரு. வைச்சிருக்கக் கூடாதுன்னு உடனே பொதைச்சிட்டோம். நாளைக்குக் காலையில பால் ஊத்தணும்.”

“சின்னையாவா! அவனைச் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குல்ல பேர் எழுதியிருந்தாங்க?”

“அதுதான் இப்ப வில்லங்கம். ரயில் ரோட்டுக்குப் பயந்து ஓடிட்டான்னு தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி சந்தேகப்படுறாரு. அப்படி மட்டும் சப்பான்காரன்கிட்ட சொல்லிட்டாருன்னா, அண்ணி கதி என்ன ஆகும்? கைப்புள்ளக்காரி. பால் ஊத்துறதைக் கண்ணால பார்த்தாத்தான் பேரை அடிப்பாராம். நீங்களும் ஒரு எட்டு வந்து நின்னீங்கன்னா அவரு வாய் தொறக்க மாட்டாரு.”

உயிரோடு இருக்கிறவன் எவனாக இருந்தாலும் நடராஜா பேரம் பேசுவார். சொந்தத் தம்பியிடமே பேசியிருக்கிறார். செத்தவனோடு பேசிப் பழக்கமில்லை. கல்லாவுக்குக் கீழே குனிந்து டின்னை எடுத்து, அவன் கையில் வைத்து அழுத்தினார்.

“போ. அவன்கிட்ட நான் விலை சொல்ல முடியாது.”

“வயித்துல பாலை வாத்தீங்க, மொதலாளி!”

“சாவு வீட்டுக்காரன் பேசுற பேச்சாடா இது?” என்று அதட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை, ரப்பர் குழாயையே டயராகச் சுற்றிய சைக்கிளை உதறி உதறி மிதித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசி நிரை மரங்களுக்கு அப்பால் புது மண்மேடு. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிராணி எட்டவே நின்றார். வாந்திபேதி என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

பழனியாண்டி மேட்டைச் சுற்றி வந்து செம்பிலிருந்து ஊற்றினான். வெள்ளை வெளேரென்று இறங்கியது. பிறகு செம்பை நடராஜாவிடம் நீட்டினான். அவரும் ஒரு கை ஊற்றினார்.

விரல்கள் ஒட்டின. பிரித்தார். சிலந்தி நூல்போல் இழுபட்டது.

நடராஜாவுக்குப் புரிந்துவிட்டது. காலையில் மரத்திலிருந்து இறக்கிய பால்!

“என்ன பாலுய்யா அது? இங்க வரைக்கும் வாடை வீசுது?” என்றார் கிராணி.

பழனியாண்டியின் முகம் வெளுத்தது.

நடராஜா விரல்களை வேட்டியில் துடைத்தார். அந்தக் கறை இனி எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது என்று தெரிந்தேதான் துடைத்தார்.

“டின் பால், கிராணியாரே. என் கடைச் சரக்கு, குடுத்தது நான். பழைய டின், வாடை இல்லாம இருக்குமா? சந்தேகம்னா கிட்ட வந்து மோந்து பாருங்களேன்.”

வாந்திபேதி மண்ணில் குனிந்து மோந்து பார்க்கக் கிராணிக்குப் பைத்தியமா? பட்டியலில் சின்னையாவின் பேரை ஒரே கோடாக அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

அவர் தலை மறைந்ததும் நடராஜா பழனியாண்டியின் காதைப் பிடித்தார்.

“டேய், நான் குடுத்த பால் எங்கடா?”

“புள்ள குடிச்சிருச்சி, மொதலாளி. கிழங்கையே தின்னு தின்னு அண்ணிக்குப் பால் வத்திப்போச்சு. புள்ளைக்குன்னு கேட்டிருந்தா நீங்க மூட்டை அரிசியில்ல கேட்டிருப்பீங்க?”

நடராஜாவுக்குச் சுருக்கென்றது. பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் விடவில்லை.

“அதுக்காக, கூடப்பொறந்தவன் குழியில மரத்துப் பாலையாடா ஊத்துவே? உயிரோட இருக்கிற என்னை ஏமாத்தினே, சரி. செத்தவனையுமா?”

பழனியாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். பிடிபட்ட காதோடேயே அவர் காதருகே வந்தான்.

“யாரையும் ஏமாத்தல, மொதலாளி. அண்ணன் யான்கிற ஊருப் பக்கம் ஒரு மலாய்க்காரர் வயல்ல நாத்து நட்டுக்கிட்டிருக்காரு. குழிக்குள்ள கெடக்குறது ஒரு ரப்பர் மரத்துண்டு. புள்ளைக்கு டின் பால், மரத்துக்கு மரத்துப் பால். கணக்கு நேராயிடுச்சில்ல?”