மேட்டுக்கொல்லைக் கரும்பு

"ஒரு கழி ஒடிச்சிக் குடுங்க, கடிச்சிப் பார்ப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா விருத்தாசலம்.

என் அப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் மேட்டுக்கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது கரும்பே இல்லை. புல்.

போன வருஷம் திண்டிவனத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் நட்டுவிட்டுப் போனது. கல்லுத் தரையிலும் வளருமாம். ஒருமுறை நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்குமாம். அதை எரித்து கரன்ட் எடுக்கப் போகிறார்களாம். கேப்பைகூட விளையாத நிலம், போனால் போகிறது என்று அப்பா விட்டுவிட்டார்.

இன்றைக்குக் கண்டாச்சிபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், தெருவிலிருந்தே "கரும்பு ஜோரா இருக்கே" என்றார்கள். அப்பா மறுத்துச் சொல்லாமல் சிரித்து வைத்தார். அவர்களுக்குப் பெரிய கரும்புக் கொல்லை இருப்பதைத் தரகர் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார். வெறும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற வீட்டில் பெண் எடுப்பார்களா என்று அப்பாவுக்குப் பயம்.

நானும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையை எனக்கு சன்னல் வழியாகவே பிடித்துப்போய்விட்டது.

அப்பா அசையாமல் நிற்கவே, விருத்தாசலமே ஒரு கழியை ஒடித்தார். பல்லால் உரித்தார். கடித்து மென்றார்.

கொல்லை ஓரத்தில் மோர்ச் சொம்போடு நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடம் சரிப்படவில்லை என்றால் யாரும் அங்கே கை நனைக்க மாட்டார்கள். அம்மா ஆக்கி வைத்த சோறு அத்தனையும் இனி எங்களுக்குத்தான்.

அவர் சக்கையைத் துப்பினார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நல்ல இனிப்பு. இலை போடச் சொல்லுங்க, கை நனைச்சிட்டே போறோம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

சாப்பிட்டு எழுந்தவருக்குக் கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அவர் பக்கத்தில் நின்ற அப்பாவின் காதோரம் குனிந்தார்.

"கரும்புன்னா காஞ்ச சோகை இலைய உரிச்சி, நாலு நாலா சேர்த்துக் கட்டி நிறுத்தணும் சம்பந்தி. நாங்க அப்படித்தான் கட்டி வெச்சிக்கினு இருக்கோம். எங்க ஊருக்கும் அதே ஜீப்புதான் வந்துச்சி."