உறிஞ்சியின் விரதம்

ஓடையில் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தது புள்ளி மீன். பக்கத்துக் கல்லிடுக்கில் குடியிருந்த அயிரைதான் அதற்குப் பேச்சுத் துணை.

ஒரு நாள் அங்கே உறிஞ்சி மீன் வந்தது. தாடையே இல்லாத வட்ட வாய், அதற்குள் சுற்றிச் சுற்றிப் பற்கள். மற்ற மீன்கள் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற இனம். எப்போதோ ஒன்று ஒட்டியதன் வட்டத் தழும்பு புள்ளி மீனின் விலாவில் இன்னும் இருந்தது.

"இங்க உனக்கென்ன வேலை?" என்றது புள்ளி மீன்.

"முட்டை போட வந்திருக்கேன்க்கா. இந்தச் சமயத்துல எங்களுக்கு எதுவும் இறங்காது. குடலே சுருங்கிப் போச்சு."

"கொக்குகூட ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு விரதம்னுதான் சொல்லும்."

உறிஞ்சி வாயைக் கல்லில் ஒட்டி இழுத்து இழுத்துக் குழி பறிக்கத் தொடங்கியது.

"பாத்தியா, இப்ப கல்லுல பழகுறா. அடுத்தது நம்ம மேலதான்" என்றது புள்ளி மீன்.

"நீங்க அவமேல இருந்து கண்ண எடுக்காதீங்கக்கா. முட்டைய நான் பாத்துக்கறேன்" என்றது அயிரை.

புள்ளி மீன் இரவும் பகலும் உறிஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. உறிஞ்சி குழி பறித்தது, முட்டையிட்டது, நாளுக்கு நாள் மெலிந்தது. ஒரு காலையில் செத்துக் கல்லோரம் ஒதுங்கியது.

"நடிக்கிறா" என்றது புள்ளி மீன், திரும்பாமலே.

"ஆமாக்கா, நம்பிடாதீங்க" என்றது அயிரை, வாயிலிருந்த கடைசி முட்டையை விழுங்கிவிட்டு.