பிச்சைக்கனி குடிக்காத சாயா

அந்தச் சனிக்கிழமையும் பிச்சைக்கனி சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"இப்பதான் குடிச்சேன் அக்கா."

"போன வாரமும் இப்பதான் குடிச்சீங்க," என்றாள் ஞானபாய், ஆவி பறக்கும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு.

பிச்சைக்கனி சிரித்து மழுப்பினார். பணத்தை வாங்கிப் பையில் போட்டார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோடு போய்விட்டார்.

ஞானபாய் தன் சாயாவைக் குடித்தாள். அவருக்குப் போட்டதை அங்கணத்தில் ஊற்றினாள்.

ஆரியசாலைச் சந்தில் ஒற்றை அறை வீடு அவளுக்கு. புருஷன் ராஜையன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் பிச்சைக்கனிதான். மகள் லிபி பெங்களூரில் நர்ஸ். ஞாயிறானால் போன் பண்ணுவாள், "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுவாள். பகலெல்லாம் மொத்தக்கடையில் மிளகாய் வற்றல் பிரிக்கிற வேலை. அங்கே வாயைத் திறந்தால் தும்மல்தான் வரும், பேச்சு வராது.

பிச்சைக்கனி, பள்ளிவாசல்காரர்கள் நடத்தும் வட்டியில்லாச் சங்கத்தின் வசூல்காரர். ராஜையன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தபந்தம் ஒன்றும் போனை எடுக்கவில்லை. என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் கடன் கொடுத்தது அந்தச் சங்கம்தான். வாங்கியதைத் திருப்பிக் கட்டினால் போதும், ஒரு பைசா கூடுதல் கிடையாது. சேமிக்க நினைப்பவர்களிடமும் வாங்கிக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் வீடு தேடி ஆள் வரும்.

எல்லாம் நல்லதுதான். ஒரு மனுஷி ஆசையாகச் சாயா நீட்டினால் வாங்கிக் குடிக்க மட்டும் மாட்டார்களாமா?

கிறிஸ்துமஸுக்கு லிபிக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் ஞானபாய் அச்சப்பம் சுட்டாள். பிச்சைக்கனிக்கென்று ஒரு தட்டில் எடுத்தும் வைத்தாள்.

"வயிறு சரியில்ல அக்கா," என்றார் அவர்.

நாம் கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்பதால்தான் தொடமாட்டேன் என்கிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியாவது இருந்திருக்கலாம். மறு வாரமே பக்கத்து வீட்டு மாடம்மாளின் வாசலில் அதே பிச்சைக்கனி சப்பணம் போட்டு உட்கார்ந்து, சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு தட்டு பஜ்ஜி. வயிறு சரியாகிவிட்டது போலிருக்கிறது.

அவர் போன பிறகு மாடம்மாள் சொன்னாள்: "நல்ல மனுஷனாக்கும். நான் சேமிக்கப் போடுத பைசாவ வாராவாரம் வந்து கொண்டு போவாரு. கடன் வாங்குத பழக்கம் எனக்கு இல்ல, பாத்துக்கோ."

ஞானபாய்க்குச் சுருக்கென்றது. சேமிக்கிறவள் வீட்டில் பஜ்ஜி, கடன்காரி வீட்டில் வாசலோடு சரி. இவ்வளவுதானா இவர்களுடைய தர்மம்?

லிபியைப் போய்ப் பார்க்க ரயிலுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் டப்பாவில் இருந்தது. திங்கட்கிழமை அதை அப்படியே எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள்.

செயலாளர் ஷாஜி எழுந்து நாற்காலி போட்டார்.

"என்ன சேச்சி, பெட்டென்னு மொத்தமா அடைக்கீங்க? எங்க சர்வீஸ்ல ஏதாவது குறை உண்டோ?"

"ஒரு குறையும் இல்ல. இனி அந்தப் பிச்சைக்கனிய என் வீட்டுக்கு அனுப்பாண்டாம்."

"கடன்தான் தீந்துபோச்சுல்லா. இனி அவர் எதுக்கு அங்க வாறாரு?"

ஷாஜி சாதாரணமாகத்தான் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அது ஞானபாயின் காதிலேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, கை தன் பாட்டுக்கு இரண்டு கிளாஸை எடுத்து வைத்தது. ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். ரோஷப்பட்டதில் ரயிலும் போச்சு, சனிக்கிழமையும் போச்சு. இனி அந்தக் கதவைத் தட்ட ஊரில் யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பிச்சைக்கனி நின்றிருந்தார். தோளில் பை இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

"கடன்தான் அடைச்சாச்சே," என்றாள் ஞானபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் என்ன?"

"சாயா குடிக்க வந்தேன் அக்கா," என்று சொல்லி அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கவிழ்த்து வைத்த கிளாஸை நிமிர்த்திச் சாயா ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பிச்சைக்கனி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

"இத்தனை நாளும் போட்டதும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு வாய் குடிச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"கடன் குடுத்தவங்க, கடன் வாங்கினவங்க வீட்டுல ஒரு கிளாஸ் சாயா குடிச்சாலும் எங்க மார்க்கத்துல அது வட்டியாக்கும் அக்கா. சங்கத்துக்கு வசூலுக்கு வாற எனக்கும் அப்படித்தான்."

ஞானபாய் கதவோரமாக உட்கார்ந்தாள்.

"இத அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

பிச்சைக்கனி கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வாராவாரம் உங்க வாசல்ல நின்னுக்கிட்டு, நீங்க கடன்காரின்னு எப்படி அக்கா சொல்ல?"