எது சிவப்பு?

ஜோயலுக்குத் தலை சுற்றியது. மைக்ரோ கன்ட்ரோலர் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்று விழுந்து விழுந்து படித்து, மணிமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து இன்டர்வியூவுக்கு வந்திருக்கிறான். முதலாளி கோதண்டமோ கீபோர்டில் ஏதோ தட்டுகிறார். மேஜைமேல் இருக்கும் இரண்டு எல்இடி விளக்குகளின் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. உடனே அதே கேள்வி.

“இதுல எது சிவப்பு தம்பி?”

“இடது பக்கம் சார். இன்னொண்ணு பச்சை.”

வெளிச்சத்தைக் குறைத்தார். “இப்போ?”

“இப்பவும் இடதுதான் சார்.”

மறுபடி தட்டினார். இரண்டும் ஒரே அளவில் எரிந்தன. “இப்போ?”

இதில் ஏதோ சூது இருக்கிறது. இந்த வேலையும் போனால் மாமாவின் லாரி ஷெட்டில் கிரீஸ் பூச வேண்டியதுதான். ஆனாலும் ஜோயலுக்குப் பொறுமை போய்விட்டது.

“சார், நான் டிப்ளமா முடிச்சவன். இது சின்னப் புள்ளைங்ககிட்ட கேக்கிற கேள்வி!”

“கரெக்டுதான். சின்ன வயசுலேர்ந்து என் பொண்ணுகிட்டதான் கேட்டுக்கினு இருந்தேன். போன வாரம் அவளை வாலாஜாபாத்துல கட்டிக் குடுத்துட்டேன்.”

ஜோயல் விளக்குகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எனக்கு ரெண்டும் ஒரே கலராதான் தெரியும், தம்பி. மங்கலா எரியறது சிவப்புன்னு அடையாளம் வெச்சிருந்தேன். வெளிச்சத்தை ஏத்தி இறக்க நானே ப்ரோக்ராம் எழுதி, அந்த அடையாளத்தையும் கெடுத்துக்கினேன். எந்த வெளிச்சத்துலயும் சரியா சொல்ற ஆள் வேணும்.”

கீபோர்டை ஜோயல் பக்கம் தள்ளிவிட்டு, கோதண்டம் குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப சொல்லு. எது சிவப்பு?”

இந்த முறை ஜோயல் அந்த விளக்கைத் தொட்டே காட்டினான்.