அதிமதுர மிட்டாய்

2013 நவம்பர் 14, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில், வழக்கத்துக்கு முன்பாகவே வேலையிலிருந்து வீடு திரும்பிய ரென்ஸ்கே, தன் மூன்று வயது மகள் ஃபென்னாவை மேசைக்கடியில் கண்டாள். இரு காதுகளையும் பொத்திக்கொண்டு குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது.

எதிரே, அதிமதுர மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து பிடித்தபடி, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மார்ட்யே நின்றாள்.

"என்ன பண்ணீங்க அவளை?"

"ஒண்ணும் பண்ணலை ரென்ஸ்கே. சமர்த்தா படம் வரைஞ்சாளேன்னு ஒரு மிட்டாய் குடுக்க வந்தேன். மிட்டாய் காட்டிப் புள்ளையப் பிடிக்க நான் என்ன சூனியக்காரியா?"

ரென்ஸ்கே சிரிக்கவில்லை. மூன்று நாள்களுக்கு முன், புனித மார்ட்டின் திருநாளில், மற்றக் குழந்தைகளோடு வீடு வீடாக விளக்கேந்திப் பாடிச் சென்ற ஃபென்னா, அறியாதவர் கைகளிலிருந்தெல்லாம் மிட்டாய் வாங்கித் தின்றவள். இந்தக் கையைக் கண்டு மட்டும் ஏன் ஒடுங்குகிறாள்? காதைப் பொத்துகிறாள் என்றால் எப்படியெல்லாம் அதட்டப்பட்டிருப்பாள்? அதட்டலோடு நின்றிருக்குமா?

இன்றைக்கு முன் தான் அந்தப் பெட்டியை இஷ்டத்துக்கு எடுத்ததே இல்லை என்றாள் மார்ட்யே. மாதத்தின் முதல் திங்கட்கிழமையன்று நண்பகலில் ஊர் முழுவதும் அபாயச் சங்கு ஒத்திகைக்காக ஊதும். குழந்தை மிரளாதிருக்க, அதற்குச் சற்று முன்பே ஒரு மிட்டாய் தந்துவிடும்படி ரென்ஸ்கேதான் சொல்லியிருந்தாள். ஓராண்டாக அதைத் தவறாமல் செய்ததன்றி வேறெதுவும் அறியேன் என்று அவள் மன்றாடினாள்.

ரென்ஸ்கேயின் காதில் எதுவும் ஏறவில்லை.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். போலீசுக்குப் போறதா இல்லையான்னு, அவ அப்பா வந்ததும் முடிவு பண்றோம்."

மார்ட்யே பெட்டியைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு, வாசலருகே தொங்கிய தன் மேலங்கியை எடுக்கப் போனாள்.

அப்போது ஃபென்னா மேசைக்கடியிலிருந்து பாய்ந்து வந்தாள். ரென்ஸ்கே கைகளை விரித்தாள். குழந்தை அவளைத் தாண்டி ஓடி, மார்ட்யேயின் பாவாடையில் முகம் புதைத்துக்கொண்டது.

"அத்தை, பெட்டியை மூடுங்க. தொறந்தா சங்கு ஊதும்."

மார்ட்யேயை நீக்கும் முடிவு அப்போதே கைவிடப்பட்டது. இனி மிட்டாய், சங்கு ஓய்ந்த பிறகே தரப்படும் என்று தீர்மானிக்கப்பட்டது.